டிராகன் வருவதற்குள் யாராவது ஒருவரை நமக்குப் பிடித்துப்போக வேண்டும்

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் முதல் அத்தியாயத்தை இரண்டு முறை எடுத்தார்கள். 2009-இல் எடுத்ததை, தொடரை உருவாக்கிய டேவிட் பெனியாஃபும் டி.பி. வைஸும் சில நண்பர்களுக்குப் போட்டுக் காட்ட, ஜேமியும் அரசி செர்சியும் உடன்பிறந்தவர்கள் என்பதே பார்த்தவர்களுக்குப் பிடிபடவில்லை. அது தெரியாவிட்டால், அவர்களின் கள்ள உறவு வெளிப்படும் கடைசிக் காட்சியின் அதிர்ச்சியே போச்சு. பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து, 2011 ஏப்ரல் 17 அன்றுதான் அமெரிக்கத் தொலைக்காட்சி எச்.பி.ஓ. ஒளிபரப்பியது.

பார்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. புது விஷயங்களை உடனுக்குடன் தாங்கிப்பிடிக்கும் நினைவு மிகச் சிறியது. ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றால் ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்குதான் நிற்கும் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் எழுதினார். போலீஸ் கதையில் இந்தச் சிக்கல் இல்லை. ஸ்டேஷன், ஏட்டு, வக்கீல் எல்லாம் நமக்கு ஏற்கெனவே பழக்கம். மிகைபுனைவிலோ (ஃபேன்டஸி) குலம், கொடி, கடவுள், சட்டம் என்று சகலமும் புதுசு. இத்தனையையும் கட்டிப்போட ஒரு முளை வேண்டும். நமக்குப் பிடித்துப்போன ஆள்தான் அந்த முளை. வரைபடத்தைக் காட்டிக் கணீர்க் குரலில் ஆயிரம் வருட வரலாறு சொல்லித் தொடங்கும் தொடர்கள் என் மனதில் ஒட்டாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒருவரைப் பிடித்துப்போக நமக்கு அதிக நேரம் தேவையில்லை. உளவியலாளர்கள் ஃபிரிட்ஸ் ஹைடரும் மரியான் சிம்மலும் 1944-இல் ஒரு குட்டிப் படம் காட்டினார்கள். இரண்டு முக்கோணம், ஒரு சின்ன வட்டம், கதவு வைத்த ஒரு பெட்டி, அவ்வளவுதான். பார்த்தவர்களோ பெரிய முக்கோணத்தை அடாவடிக்காரன் என்றார்கள், வட்டத்துக்காகப் பரிதாபப்பட்டார்கள். முதல் குழுவில் ஒரே ஒருவர்தான் வெறும் வடிவங்கள் நகர்ந்ததாக விவரித்தார்.

பிடித்துப்போன பிறகு நடப்பதை விளக்கியவர் ஊடக உளவியல் ஆய்வாளர் டோல்ஃப் சில்மன். பார்வையாளர் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. திரையில் ஒவ்வொருவரும் செய்வது சரியா தப்பா என்று ஓயாமல் தீர்ப்பு சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்பது அவர் கருத்து. சரி என்று பட்டவர்மேல் பிரியம் வருகிறது. பிரியம் வந்தால் அவருக்கு நல்லது நடக்காதா என்ற ஆசையும், கெட்டது நடந்துவிடுமோ என்ற பயமும் கூடவே வரும். அந்தப் பயத்திலிருந்துதான் 'அடுத்து என்ன ஆகுமோ' என்ற பதைப்பு பிறக்கிறது. யாரென்றே தெரியாதவன் கழுத்தில் கத்தி வைத்தால், அது நமக்குச் செய்தி மட்டுமே.

ஒளிபரப்பான அத்தியாயத்தில் இதைக் கவனிக்கலாம். பத்து வயது பிரான் அம்பு விட்டுக் குறி தப்புகிறான், அண்ணன்கள் சிரிக்கிறார்கள். பத்து வயதில் உங்களில் யார் குறிபார்த்து அடித்தீர்கள் என்று மேலிருந்து அப்பா கேட்கிறார். அடுத்த நொடி, பின்னாலிருந்து வந்த ஓர் அம்பு நடுப்புள்ளியில் தைக்கிறது. விட்டவள் பிரானின் சின்ன அக்கா ஆர்யா. பிறகு ஓநாய்க் குட்டிகள். ஐந்து குட்டி, பிரானின் ஸ்டார்க் குடும்பத்துக்கும் ஐந்து பிள்ளைகள், ஆளுக்கொன்று என்று வாதாடி, அண்ணன்களில் ஒருவனான ஜான் அவற்றைக் காப்பாற்றுகிறான். அந்தக் கணக்கில் அவன் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. முறைதவறிப் பிறந்தவன் என்பதும் குலத்தின் சின்னம் ஓநாய் என்பதும் அந்தச் சில வரிகளிலேயே நமக்குள் இறங்கிவிடுகின்றன. அரசர் பரிவாரம் வரும்போது, அதோ ஜேமி, அரசியின் இரட்டைச் சகோதரன் என்று ஆர்யா தன் அக்கா சான்சாவிடம் சொல்ல, வாயை மூடு என்று அவள் சீறுகிறாள். பழைய அத்தியாயத்தில் தவறிய தகவல், இப்போது நமக்குப் பிடித்த சிறுமியின் வாய்வழியே வருகிறது.

கடைசியில், அந்தக் கள்ள உறவைப் பார்த்துவிட்ட பிரானை ஜேமி கோபுரத்திலிருந்து தள்ளும்போது நெஞ்சு பதறுவது, அவன் அம்பு தவறவிட்டதை நாம் பார்த்திருப்பதால்தான்.

ஆனால் பிடிக்க வேண்டும் என்பதற்காக எல்லாரும் நல்லவர்களாக இருக்க வேண்டியதில்லை. பல நேரங்களில் பிரியம்தான் முதலில் வருகிறது, நியாயத்தைப் பிறகு தேடிக்கொள்கிறோம் என்று ஊடக ஆய்வாளர் ஆர்தர் ரேனி 2004-இல் வாதிட்டார். அதே ஜேமி 2013-இல் வந்த மூன்றாம் பருவத்தில் கையை இழந்து, குளியல் தொட்டியில் உட்கார்ந்து, பழைய மன்னனைக் கொன்ற காரணத்தைச் சொன்னபோது, அவனைத் திட்டிக்கொண்டிருந்த பலர் அவன் பக்கம் சாய்ந்தார்கள். பிரானைத் தள்ளியதற்கு மட்டும் அவன் அங்கே ஒரு சமாதானமும் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை.