அக்கவுண்டபிலிட்டி: பொறுப்பு வேறு, பொறுப்புக்கூறல் வேறு

அமெரிக்கப் பள்ளிக்கல்வி பற்றித் தமிழில் எழுதும்போது கை தடுமாறும் இடம் அக்கவுண்டபிலிட்டி. "டெக்சாஸ் மாநிலம் பள்ளிகளின் பொறுப்பை மதிப்பிட்டது" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். படிப்பவருக்கு, ஆசிரியர்கள் அக்கறையோடு வேலை பார்க்கிறார்களா என்று சோதித்ததாகத்தான் படும். அங்கே நடப்பது அதுவல்ல; மாணவர் தேர்ச்சிக்குப் பள்ளி பதில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு அது.

சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'கம்ப்யூட்டாரே'. எண்ணிக் கணக்கிடுதல் என்று பொருள். கம்ப்யூட்டருக்கும் அதுவே வேர். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த 'அக்கவுண்ட்', கணக்கையும் குறித்தது, நடந்ததை எடுத்துரைப்பதையும் குறித்தது. தமிழிலும் இந்த இரண்டும் ஒட்டியே இருக்கின்றன. "என்னிடம் கணக்குக் கேட்கிறாயா?" என்பவர் பணத்தை மட்டுமா சொல்கிறார்? தமிழ் விவிலியத்தில் வரும் 'கணக்கொப்புவித்தல்' இந்தப் பொருளை அப்படியே தருகிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் அரசு ஆவண நடையில் இன்று ஒட்டாது. 'உத்தரவாதம்' என்பதிலும் உத்தரம், அதாவது பதில், இருக்கிறது. அது கேரண்டி என்ற பொருளுக்குப் போய்விட்டதால் இனி மீட்க முடியாது.

மிஞ்சுவது பொறுப்புக்கூறல். இலங்கைத் தமிழில் நன்றாக வேரூன்றிய சொல். சரியான சொல்லும் அதுதான் என்பேன். வாசிக்கத் திணறும் பிள்ளைக்காகப் பள்ளி விட்ட பிறகும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறார் ஓர் ஆசிரியை, அது பொறுப்பு. மூன்றாம் வகுப்பின் வாசிப்புத் தேர்ச்சி ஏன் சரிந்தது என்று பெற்றோர் முன் எழுந்து நின்று தலைமையாசிரியர் விளக்குகிறார், அது பொறுப்புக்கூறல்.

அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்குச் சட்ட வலு உண்டு. 2002-இல் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம், 2013-14-க்குள் எல்லா மாணவரும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. அது நடக்கவில்லை. 2015-இல் வந்த சட்டம் அளவுகோலை வகுக்கும் உரிமையைப் பெருமளவு மாநிலங்களிடம் விட்டது. டெக்சாஸ் ஏ முதல் எஃப் வரை தரம் இடுகிறது: மாணவர் அடைவு, பள்ளியின் முன்னேற்றம் ஆகிய இரண்டில் எது மேலோ அதற்கு 70 விழுக்காடு, மாணவர் பிரிவுகளுக்கிடையிலான இடைவெளியைக் குறைத்ததற்கு 30 விழுக்காடு.

இதோடு சேர்ந்து வரும் சொற்களில் பெர்ஃபார்மன்ஸ் என்பதற்கு 'அடைவு' பொருந்தும், ஸ்டாண்டர்டுக்கு 'தர அளவுகோல்'. அங்கே பப்ளிக் ஸ்கூல் என்பது அரசு நிதியில் இயங்கும் இலவசப் பள்ளி. பெயரை அப்படியே வைத்தால் நம்மவர் தனியார் பள்ளி என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. பொறுப்பு தனியே நிற்கும். பொறுப்புக்கூறலுக்கு 'யாருக்கு' என்று சொல்லும் நான்காம் வேற்றுமைச் சொல் வேண்டும். 2023-இல் ஹூஸ்டன் கல்வி மாவட்டத்தை, அதாவது அந்நகரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பை, டெக்சாஸ் அரசு தன் கையில் எடுத்தது. ஓர் உயர்நிலைப் பள்ளி தொடர்ந்து தேறாமல் போனது முக்கியக் காரணங்களில் ஒன்று. மக்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு ஒதுக்கப்பட்டு, மாநிலம் நியமித்த குழு வந்தது. வாக்காளருக்குப் பொறுப்புக்கூறிய நிர்வாகம் மாநிலக் கல்வி ஆணையருக்குப் பொறுப்புக்கூறுவதாயிற்று. 'பொறுப்பு' என்று மட்டும் எழுதினால் இந்த மாற்றம் செய்தியில் தெரியவே தெரியாது.