நியூ ஜெர்சியில் ஆள் எண்ணிய கதை

அமெரிக்காவில் குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தலாமா என்ற பேச்சு எழுந்தால் போதும், ஒரு எண் ஓடி வந்துவிடும். மணிக்கணக்கில் கூலி வாங்குபவர்களில் 1.1 சதவீதம் பேர்தான் அந்த ஊதியத்துக்கோ அதற்கும் கீழோ வேலை பார்க்கிறார்கள் என்பது அது. 2023-ஆம் ஆண்டுக்கு அந்நாட்டின் தொழிலாளர் புள்ளியியல் துறையே வெளியிட்டது, பொய் கிடையாது. 'இத்தனூண்டு பேருக்காக ஒரு சட்டத் திருத்தமா?' என்று அடுத்த கேள்வி வரும்.

இந்த எண்ணில் யார் அடக்கம் என்று பார்க்க வேண்டும். மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலைக்குப் பிறகு அது அசையவே இல்லை. ஆனால் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்களுக்கென்று கூடுதலாக நிர்ணயித்துக்கொண்டன. 2023-ல் கலிபோர்னியாவில் 15.50 டாலர். அங்கே சட்டப்படி ஆகக் குறைந்த கூலி வாங்குபவர்கூட 7.25-ஐத் தாண்டிவிட்டவர் என்பதால் கணக்கில் வரமாட்டார். டெக்சாஸில் ஏழரை டாலர் வாங்குபவரும் வரமாட்டார். ஊதியம் உயர்ந்தால் இவருக்குத்தான் முதலில் பயன், ஆனால் புள்ளிவிவரத்தில் ஆளே இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கணக்கில் வந்த 8,69,000 பேரில் சரியாக 7.25 டாலர் வாங்கியவர்கள் 81,000 பேர்தான். மற்ற எல்லோரும் அதற்கும் கீழே. டிப்ஸ் கிடைக்கும் வேலையில் முதலாளி 2.13 டாலர் கொடுத்தால் போதும், டிப்ஸும் சேர்ந்து 7.25 வந்தால் சரி என்கிறது மத்திய சட்டம். டிப்ஸை இந்தக் கணக்கெடுப்பு சேர்ப்பதில்லை. அதனால் நல்ல ஹோட்டலில் கை நிறையச் சம்பாதிக்கும் சர்வரும் 'குறைந்தபட்சத்துக்கும் கீழ்' என்ற பட்டியலில் இருக்கலாம்.

சரி, ஊதியத்தை உயர்த்தினால் வேலை போகுமா? இதற்கு இரு தரப்பும் மேற்கோள் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. 1992 ஏப்ரல் 1 அன்று நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை 4.25 டாலரிலிருந்து 5.05-க்கு உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் எல்லைக்கு இரு பக்கமும் இருந்த 410 துரித உணவுக் கடைகளை உயர்வுக்கு முன்பும், சில மாதங்கள் கழித்தும் தொலைபேசியில் விசாரித்தார்கள். பர்கர் கிங், கேஎஃப்சி மாதிரியான கடைகள். பகுதிநேர ஊழியரை அரை ஆளாக எண்ணினார்கள்.

நியூ ஜெர்சியில் ஒரு கடைக்குச் சராசரியாக 20.44 ஆட்கள் இருந்தார்கள், அது 21.03 ஆனது. பென்சில்வேனியாவில் 23.33 ஆட்கள் 21.17 ஆகக் குறைந்தார்கள். கூலி கூடிய இடத்தில் அரை ஆள் கூடினார், கூடாத இடத்தில் இரண்டு பேர் குறைந்தார்கள். ஊதிய உயர்வு வந்திராவிட்டால் நியூ ஜெர்சியும் பென்சில்வேனியா மாதிரியே சரிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், கடைக்கு ஏறத்தாழ 2.75 ஆள் ஆதாயம். 1994-ல் வெளியான இந்த முடிவு பொருளாதாரப் பாடநூலையே புரட்டிப்போட்டது.

அந்த 2.75-ஐ மறுபடி பாருங்கள். அதில் பெரும்பகுதி நியூ ஜெர்சியில் நடந்த எதனாலும் வந்ததல்ல, பென்சில்வேனியா சரிந்ததால் வந்தது. மந்தநிலையிலிருந்து நாடு மெல்ல மீண்டுகொண்டிருந்த நேரம் அது. பென்சில்வேனியாவின் சரிவுக்கு உள்ளூர்க் காரணம் ஏதாவது இருந்திருந்தால் மொத்தக் கணக்கும் ஆட்டம் காணும். ஆகவே 'ஊதியத்தை ஏற்றினால் வேலை பெருகும்' என்று இந்த ஆய்வைக் காட்டி முழங்குவது எனக்கு உடன்பாடில்லை. 'வேலை போனதற்குத் தடயம் இல்லை' என்பது வரைதான் அது தாங்கும்.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. டேவிட் நியூமார்க், வில்லியம் வாஷர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் சம்பளப் பட்டியல்களைத் திரட்டி, வேலை குறைந்தது என்றார்கள். அந்தத் தரவில் ஒரு பகுதியைச் சேகரித்தது உணவகத் தொழிலோடு நெருக்கமான ஓர் அமைப்பு என்பதை, அந்த முடிவை மேற்கோள் காட்டுபவர்கள் வசதியாக விட்டுவிடுவார்கள். பிறகு கார்டும் குரூகரும் அரசுப் பதிவேடுகளைக் கொண்டு மீண்டும் பார்த்தார்கள். குறிப்பிடும்படியான வேலை இழப்பு தென்படவில்லை. 2021-ல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. குரூகர் 2019-லேயே காலமாகிவிட்டார்.

கூலியை விட்டுச் சொத்துக்கு வந்தால் குழப்பம் இன்னும் அதிகம். 2017 ஜனவரியில் வறுமை ஒழிப்புக்காக இயங்கும் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு, உலக மக்களில் ஏழ்மையான அடிப்பாதியின் மொத்தச் சொத்தும் எட்டே பேரின் சொத்தும் சமம் என்றது. முந்தைய ஆண்டு அது சொன்ன எண் 62. ஒரே வருடத்தில் 54 பணக்காரர்களின் சொத்தும் இந்த எட்டுப் பேரிடம் போய்விட்டதா என்ன? இல்லை. இந்தியா, சீனா போன்ற நாடுகளில் ஏழைகளிடம் நினைத்ததைவிடக் குறைவாகவே சொத்து இருக்கிறது என்று புதிய தரவு காட்டியது, அவ்வளவுதான். அதே தரவு முன்பே கிடைத்திருந்தால் 62-க்குப் பதில் 9 என்றே வந்திருக்கும் என்று ஆக்ஸ்ஃபாமே சொன்னது.

சொத்து என்பது இங்கே கடன் போக மிச்சம். கல்விக் கடனோடு மருத்துவப் படிப்பை முடித்து வெளியே வரும் அமெரிக்க இளைஞரின் சொத்து மைனஸில் இருக்கும். பீகாரில் இரண்டு ஆடும் கடனில்லாக் குடிசையும் வைத்திருப்பவர் அவரைவிடச் 'செல்வந்தர்'. இப்படி மைனஸில் நிற்பவர்கள் அடிப்பாதியின் கூட்டுத்தொகையை இன்னும் கீழே இழுக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்ததும் 'பார்த்தீர்களா, ஏற்றத்தாழ்வே கட்டுக்கதை' என்று துள்ளுபவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி: அதே காலத்தில், அதே தரவின்படி, உச்சியிலிருந்த ஒரு சதவீதத்தினரிடம் உலகச் சொத்தில் ஏறத்தாழ பாதி இருந்தது. அந்த எண்ணைக் கல்விக் கடன் பெரிதாக அசைக்காது.

நாடுவாரியான சொத்துப் பட்டியல்களில் சுவீடனைத் தேடிப் பார்த்தால் இன்னொரு வியப்பு. வருமானத்தில் சமத்துவத்துக்குப் பேர்போன நாடு, சொத்துக் கணக்கில் ஐரோப்பாவிலேயே ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடுகளின் வரிசையில் நிற்கிறது. பெரும் தொழில் குடும்பங்கள் அங்கே இருப்பது ஒரு காரணம். மருத்துவம், உயர்கல்வி, முதுமை ஆகியவற்றுக்கு அரசு பொறுப்பேற்பதால் சாதாரணக் குடும்பம் பதறிப் பதறிச் சேமிக்க வேண்டியதில்லை என்பது இன்னொன்று. அரசு தரப்போகும் ஓய்வூதியம் அந்தக் குடும்பத்தின் சொத்தாக இந்தப் பட்டியல்களில் ஏறுவதில்லை.