கர்ப்பப்பையில் நார்க்கட்டி: எடுக்கத்தான் வேண்டுமா?

அக்காவுக்கு அப்போது 43 வயது. மாதத்தில் பத்து நாள் ரத்தப்போக்கு. ஹீமோகுளோபின் 7.8க்கு இறங்கி, மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். ஸ்கேனில் 2.5 சென்டிமீட்டர் ஃபைப்ராய்டு. "ரெண்டு குழந்தை ஆச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாம். லேப்ராஸ்கோப்பிதான், மூணு சின்னத் துளை" என்றார்கள். வீட்டில் எல்லோரும் துளையைப் பற்றியே பேசினோம். எடுக்கப்போவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பையின் தசையிலிருந்தே முளைக்கும் நார்க்கட்டி. புற்றுநோய் இல்லை. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும்தான் அதற்குத் தீனி. அதனால்தான் மெனோபாஸுக்குப் பிறகு பெரும்பாலும் தானாகவே சுருங்குகிறது. தொந்தரவு தராத கட்டியை அப்படியே விட்டுவிடலாம். ரத்தப்போக்கைப் பொறுத்தவரை அளவைவிட இடம்தான் முக்கியம். வெளிச்சுவரில் எலுமிச்சை அளவில் ஒட்டியிருக்கும் கட்டி பல வருடம் தெரியாமலே இருக்கும். உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நெல்லிக்காய் அளவுக் கட்டி மாதாமாதம் ஆளைச் சாய்த்துவிடும்.

சரி, லேப்ராஸ்கோப்பியில் என்ன நடக்கிறது? தொப்புள் அருகே துளையிட்டு, கார்பன் டை ஆக்சைடு செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல் உப்ப வைக்கிறார்கள். தலைப்பக்கம் தாழ மேசையைச் சாய்த்ததும் குடல் மேலே விலகி இடம் விடும். கேமராவைப் பார்த்தபடி, கர்ப்பப்பையைப் பிடித்திருக்கும் தசைநார்களையும் ரத்தக்குழாய்களையும் சூடுவைத்து மூடி வெட்டுகிறார்கள். மிகக் கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய், கர்ப்பப்பைத் தமனிக்கு அடியில், பாலத்துக்குக் கீழே ஓடும் வாய்க்கால்போலப் போகிறது. கர்ப்பப்பை வாய்க்கும் அதற்கும் இடைவெளி சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான். அங்கே கை பிசகினால் சிறுநீர்ப்பாதை சேதமாகும்.

கடைசியில் கர்ப்பப்பை யோனி வழியாக வெளியே வருகிறது. பெரிதாக இருந்தால் துண்டாக்கித்தான் எடுக்க வேண்டும். அதற்கான சுழலும் கத்தி இயந்திரம், அரிதாகக் கட்டிக்குள் ஒளிந்திருக்கும் புற்றுநோயை வயிற்றுக்குள் சிதறடிக்கக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014ல் எச்சரித்தது. பைக்குள் போட்டுத் துண்டாக்கும் முறை அதன் பிறகுதான் பரவலானது.

வயிற்றைக் கிழித்துச் செய்யும் ஆபரேஷனோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான். வலி குறைவு, சீக்கிரம் வேலைக்குப் போகலாம். ஆனால் வயிற்றில் ஒரு துளைகூட இல்லாமல் யோனி வழியாகவே எடுக்கும் பழைய முறையும் இருக்கிறது. அப்படிச் செய்ய முடிகிறவர்களுக்கு அதையே முதலில் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. எந்த வழியில் எடுத்தாலும் இழப்பது அதே உறுப்புதான். சினைப்பையை விட்டுவைத்தாலும் சிலருக்கு மெனோபாஸ் முன்னதாகவே வரலாம்.

எடுக்காமல் செய்யும் சிகிச்சைகளில் எனக்கு மிகவும் பிடித்தது தமனி அடைப்பு. பாரிஸில் ஜாக் ரவினா என்ற டாக்டரும் குழுவினரும் ஆபரேஷனில் ரத்தம் வீணாகாமலிருக்க, முன்கூட்டியே தமனியை அடைத்துப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்குக் காத்திருந்த பெண்களில் பலருக்குத் தொந்தரவே நின்றுபோனது! 1995ல் அதைத் தனி சிகிச்சையாகவே அறிவித்தார்கள். தொடையிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாயை நுழைத்து, அரை மில்லிமீட்டர் அளவுள்ள மணிகளைக் கர்ப்பப்பைத் தமனிக்குள் விடுகிறார்கள். கட்டி பட்டினியில் கருகிச் சுருங்கும். கர்ப்பப்பைக்கு சினைப்பைத் தமனி போன்ற மாற்றுவழிகள் இருப்பதால் அது பிழைத்துக்கொள்ளும். முதல் ஓரிரு நாள் வலி கடுமையாக இருக்கும். குழந்தை வேண்டுமென்பவர்களுக்குப் பொதுவாக இது முதல் தேர்வு கிடையாது.

அவர்களுக்குக் கட்டியை மட்டும் எடுப்பதே பொருத்தம். மாத்திரையும், காப்பர்-டி போல உள்ளே வைக்கும் ஹார்மோன் சாதனமும் ரத்தப்போக்கைக் குறைக்கும். கட்டி அறையின் வடிவத்தையே மாற்றியிருந்தால் அந்தச் சாதனம் நழுவி வெளியே வந்துவிடலாம்.

இவை எல்லாவற்றிலும் கட்டி திரும்ப வரும் வாய்ப்பு உண்டு. கர்ப்பப்பையை எடுப்பது என்று முடிவாகியிருந்த பெண்களை வைத்து நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. தமனி அடைப்பு செய்துகொண்டவர்களில் மூன்றில் ஒருவருக்குப் பத்து வருடத்துக்குள் எப்படியும் எடுக்க வேண்டிவந்தது. மற்ற இருவருக்குத் தேவைப்படவில்லை. கட்டி தொப்புள்வரை வளர்ந்து, வேறெதுவும் பலிக்காமல், இனி தொந்தரவே வேண்டாம் என்று ஒரு பெண் தானே தீர்மானித்தால் எடுப்பது சரியான சிகிச்சை. "இனி எதுக்கு அது" என்று மற்றவர்கள் சொல்வது காரணமே ஆகாது. தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022ல் வழிகாட்டுதலே வெளியிட வேண்டியிருந்தது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

அக்காவை இன்னொரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் முதலில் கேட்டது, "கட்டி எந்தப் பக்கம் நீட்டியிருக்கு?" மறு ஸ்கேனில் அது முழுக்க உள்ளறைக்குள் தொங்குவது தெரிந்தது. யோனி வழியாகக் கேமராக் குழாயை விட்டு, மின்கம்பி வளையத்தால் கட்டியைத் தேங்காய்ச் சில்லுபோலச் சீவி எடுத்தார். மூன்று துளைகூடத் தேவைப்படவில்லை. சாயங்காலமே வீடு. அப்புறம் இரும்புச்சத்து மாத்திரையோடு நான்கு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.4 ஆனது.