மாநிலப்பண்: சொல் விளக்கம்

மலேசியத் தமிழர் எழுத்தில் ‘தேசிய கீதம்’, ‘நாட்டுப்பண்’ ஆகிய இரண்டும் வழங்குகின்றன. மாநிலத்திற்கு உரியதை மாநில கீதம் என்றும் மாநிலப் பாடல் என்றும் மாநிலப்பண் என்றும் அவரவர் விருப்பப்படி எழுதுகிறோம். கோலாலம்பூரின் தமிழ்ப்பள்ளிகளில் காலைச் சபைகூடலின்போது மாணவர்கள் அசையாமல் நின்று பாடும், மலேசிய நாட்டுக்குரிய நெகாராகூவை எப்பெயரால் அறிவிப்பது என்பதில்கூட ஆசிரியருக்கு ஆசிரியர் வழக்கு மாறுகிறது. இவற்றுள் ‘பண்’ என்பதே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து; அதற்குச் சான்று அந்த நெகாராகூவின் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஆங்கிலத்தின் ‘ஆன்தம்’ எதிர்க்குரல் எனப் பொருள்படும் ‘ஆன்டிஃபோனா’ என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. தேவாலயத்தில் இரு குழுவினர் மாறி மாறிப் பாடிய வழிபாட்டுப் பாடலைக் குறித்த அச்சொல், பிற்காலத்தில் அரசனையும் நாட்டையும் வாழ்த்தும் பாடலுக்கு ஆகிவந்தது. ‘கீதம்’ என்ற வடசொல்லுக்குப் பாடப்படுவது என்பதே பொருள். மலாயில் ‘லாகு நெகிரி’ என்பார்கள்; லாகு என்பது பாடலையும் அதன் மெட்டையும் ஒருசேரக் குறிக்கும்.

தமிழில் பண் என்பது இசையமைப்பு. தேவாரப் பதிகங்களைப் பண்முறையில் வகுத்த மரபு நமக்கு உண்டு. ‘பண்என்னாம் பாடற்கு இயைபின்றேல்’ என்ற குறள் (573) பண் வேறு, பாடல் வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது.

அந்தப் பிரிவு இங்கே இன்றியமையாதது. 1875இல் பிரிட்டிஷ் ஆட்சிப் பிரதிநிதி பர்ச் கொல்லப்பட்டதை அடுத்து, பேராக் சுல்தான் அப்துல்லா 1877இல் சீஷெல்ஸ் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டார். அத்தீவுகளில் பலரும் பாடிவந்த ‘லா ரோசலி’ என்ற பிரெஞ்சுப் பாட்டின் மெட்டே பின்னர் பேராக் மாநிலப்பண்ணாயிற்று என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அதே மெட்டு ‘தெராங் பூலான்’ என்ற நிலவுப் பாட்டாகி மலாய் மேடைகளிலும் புகழ்பெற்றது. மாநிலத்தின் மரியாதைக்குரிய பண்ணாகவும் பொழுதுபோக்குப் பாட்டாகவும் ஒரு மெட்டு ஒரே காலத்தில் வாழ்ந்தது வியப்புக்குரியது. 1957இல் விடுதலை பெறவிருந்த புதிய நாட்டுக்குப் பண் தேடி நடத்திய போட்டிக்கு 514 ஆக்கங்கள் வந்தும் எதுவும் ஏற்கப்படவில்லை; நாட்டின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழு, இம்மண்ணின் மணம் கமழ்வதாகக் கருதி, பேராக்கின் மெட்டையே தேர்ந்தெடுத்துப் புதிய வரிகளை எழுதச் செய்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கில் கொடி ஏறியபோது ஒலித்தது அந்த மெட்டுதான். 1990களில் அதை விரைவு நடைக்கு மாற்றிப் பார்த்தார்கள். 2003இல் பழைய நிதான நடையே திரும்பியது. மக்கள் மனத்தில் பதிந்திருந்த நடை அதுவே என்பதால், அம்முடிவு சரியானது என்றே கருதுகிறேன்.

மொழியும் வரிகளும் மாறினாலும் மெட்டு மாறவில்லை. பேராக்கின் மாநிலப்பண்ணும் மலேசியாவின் நாட்டுப்பண்ணும் இன்றும் ஒரே பண், இரு பாடல்கள். ‘கீதம்’ என்று எழுதினால் இந்த உறவைச் சொல்ல வேறு சொற்கள் தேவைப்படும்.

‘நாட்டுப் பாடல்’ என்று எழுதுவது நாட்டுப்புறப் பாடலோ என்ற மயக்கத்தைத் தரும். அதைத் தவிர்ப்பது நல்லது. மாநிலப்பண், நாட்டுப்பண் ஆகிய இரண்டையும் இடைவெளியின்றிச் சேர்த்து எழுத வேண்டும். நெகாராகூ இயற்பெயர் ஆகையால் அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.