‘பாசிசமா?’ என்று கேட்கும் முன் ‘எந்த ஆண்டு?’ என்று கேளுங்கள்

கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்த ஆரம்பித்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்த வாரம் திருத்திய 52 விடைத்தாள்களில் 31 தாள்களில் ஒரே வாக்கியம்: ‘ஹிட்லர் பெரும்பான்மை மக்களின் வாக்குகளால் ஆட்சியைப் பிடித்தார்.’ சிவப்பு மை தீர்ந்ததுதான் மிச்சம். போதாக்குறைக்கு, நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் இரவு பத்து மணிக்கு அழைத்து, “சார், டிரம்ப் பாசிஸ்டா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்” என்கிறார். அவர் காட்டிய ஆதாரமும் அதே வாக்கியம்தான்: ஹிட்லரையும் மக்கள்தானே தேர்ந்தெடுத்தார்கள்! பின்னாலிருந்து அவருடைய மைத்துனரின் குரல்: “வதை முகாம் எங்கே, கறுப்புச் சட்டை எங்கே? அப்புறம் என்ன பாசிசம்?”

இரண்டு பேருக்கும் முதல் தாளிலேயே மதிப்பெண் போய்விட்டது.

அந்த வாக்கியத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். 1932 ஜூலைத் தேர்தலில் நாஜிக் கட்சி பெற்றது 37.3 சதவீதம். சுதந்திரமான தேர்தலில் அவர்கள் தொட்ட உச்சம் அதுதான். அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் தேர்தல் வந்தது, 33.1 சதவீதத்துக்கு இறங்கினார்கள். ஆம், இறங்கினார்கள். 230 இடங்கள் 196 ஆயின, கட்சியின் கஜானாவும் காலி. இப்படிச் சரிந்துகொண்டிருந்தவரை 1933 ஜனவரி 30 அன்று சான்சலர் (பிரதமருக்கு நிகரான பதவி) நாற்காலியில் உட்கார வைத்தவர் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க். அவர் காதில் ஓதியவர் முன்னாள் சான்சலர் பாப்பென். புதிய அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து நாஜிகள் மூன்றே பேர். மற்றவர்கள் பழமைவாதக் கனவான்கள். எச்சரித்தவரிடம், ‘அவரை நாம்தான் வேலைக்கு அமர்த்தியிருக்கிறோம்’ என்றாராம் பாப்பென். அடுத்த மாதமே நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாள் அடிப்படை உரிமைகள் போயின. எதிர்க்கட்சியினர் பாதிப் பேர் சிறையிலும் மீதிப் பேர் தெருவில் உதைபட்டும் கிடக்க, மார்ச் 5 அன்று நடந்த தேர்தலில்கூட 43.9 சதவீதம்தான். பெரும்பான்மை எங்கே? யாராவது காட்டினால் கற்றுக்கொள்கிறேன்.

இத்தாலியின் கதையும் இதுவே. 1921 தேர்தலில் மூத்த தலைவர் ஜியோலிட்டி தம் கூட்டணியில் சேர்த்துக்கொண்டதால் முசோலினியின் பாசிஸ்டுகளுக்கு 35 இடங்கள் கிடைத்தன. 1922 அக்டோபரில் அவருடைய கட்சிப் படையான கறுப்புச் சட்டைக்காரர்கள் ரோமை நோக்கிக் கிளம்பியபோது, ராணுவச் சட்டம் பிறப்பிக்கும் ஆணை தயாராக இருந்தது. மன்னர் விக்டர் இம்மானுவேல் கையெழுத்துப் போடவில்லை. முசோலினி மிலானில் இரவு ரயிலேறி, படுத்துத் தூங்கும் பெட்டியில் ரோம் வந்து இறங்கினார். (வகுப்பில் இதைச் சொல்லும்போதுதான் கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்காரும்.) இரண்டு நாட்டிலும் தாழ்ப்பாளை உள்ளிருந்தே ஒருவர் திறந்துவிட்டிருக்கிறார்.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். பாசிசத்தைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ராபர்ட் பாக்ஸ்டன், டிரம்புக்கு அந்தப் பெயர் பொருந்தாது என்றே சொல்லிவந்தார். 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவுக் கும்பல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, சுமார் 140 காவலர்கள் காயமடைந்தார்கள். சில நாட்களில் பாக்ஸ்டன் கருத்தை மாற்றிக்கொண்டார். நாஜி ஜெர்மனியின் வரலாற்றை எழுதிய ரிச்சர்ட் எவன்ஸ் மாற்றிக்கொள்ளவில்லை. இருவருமே விஷயம் தெரிந்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

என் கணிப்பில் வேற்றுமைகள் சிறியவை அல்ல. தொழிற்சங்க அலுவலகங்களைக் கொளுத்தி, எதிரிகளின் வாயில் விளக்கெண்ணெய் ஊற்றிய கட்சிப் படைகள் முசோலினியிடம் ஆட்சிக்கு வரும் முன்பே இருந்தன. அமெரிக்காவில் அந்த அளவில் எதுவும் இல்லை. பாசிஸ்டுகள் தேர்தல் என்ற ஏற்பாட்டையே இகழ்ந்தார்கள். டிரம்ப் இயக்கமோ, 2020 தேர்தலில் தானே வென்றதாகச் சாதிக்கிறது. நீதிமன்றங்களில் ஏறத்தாழ 60 வழக்குகளில் தோற்ற பொய் அது. ஆனாலும் வாக்குப்பெட்டியைச் சாட்சிக்குக் கூப்பிடும் பொய். அர்ஜென்டினாவில் 1946 தேர்தலில் பெரோன் வென்ற காலத்திலிருந்தே, ‘மக்களின் குரல் நான்தான்’ என்று சொல்லும் வெகுஜனவாதம் வாக்குப்பெட்டியை விட்டு நகர்வதில்லை. 2024இல் டிரம்ப் திரும்பி வந்ததும் வாக்குகளால்தான்.

ஒற்றுமையைத் தாழ்ப்பாளருகே தேடுங்கள். 11,780 வாக்குகளைக் கண்டுபிடித்துத் தரும்படி டிரம்ப் தொலைபேசியில் கேட்டபோது, ஜார்ஜியா மாநிலத்தில் அவர் கட்சியைச் சேர்ந்த அதிகாரியே மறுத்தார். தேர்தல் முடிவை அங்கீகரிக்காமல் தடுக்கச் சொன்னபோது துணைக் குடியரசுத் தலைவர் பென்ஸும் மறுத்தார். சரி, 2021 பிப்ரவரியில், ஜனவரி 6க்காக டிரம்ப் மீது செனட் அவையில் நடந்த இம்பீச்மென்ட் விசாரணையில்? அந்த அவையில் டிரம்பின் குடியரசுக் கட்சி உறுப்பினர்களுக்குத் தலைவரான மெக்கானெல், அவரை விடுவிக்க வாக்களித்துவிட்டு, சில நிமிடங்களில் எழுந்து நின்று, நடந்ததற்கெல்லாம் அவர்தான் பொறுப்பு என்று பேசினார். குற்றவாளி என்றவர்கள் 57 பேர், தேவைப்பட்டது 67. பிறகு 2025 ஜனவரி 20, டிரம்ப் பதவியேற்ற அன்றே ஜனவரி 6 வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு; 22 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றவரும் அதில் அடக்கம். முசோலினி அரசும் பதவிக்கு வந்த சில வாரங்களில், 1922 டிசம்பரில், தேச நலனுக்காகச் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றங்களுக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தது. எந்த மேடைப் பேச்சையும்விட இதுதான் என்னை உறுத்துகிறது.

எனவே, இரவு பத்து மணிக்கு அழைக்கும் அன்பர்களே, வதை முகாம்கள் இயங்கிய 1943ஐக் கொண்டுவந்து எதனோடும் ஒப்பிடாதீர்கள். வதை முகாமைக் காணோம் என்று நிம்மதியடைபவர் 1922இன் இத்தாலியிலும் நிம்மதியாகவே இருந்திருப்பார். பாசிசத்தின் அம்சங்கள் என்று சுற்றும் பட்டியலை வைத்துக்கொண்டு டிக் அடிக்காதீர்கள். அவற்றில் பாதி எங்கள் ஆசிரியர் சங்கத் தேர்தலுக்கே பொருந்தும். கொச்சையாகப் பேசுகிறவர்கள் எல்லாரும் பாசிஸ்டுகள் அல்லர். யாராவது ஒப்பிட்டால் எந்த நாடு, எந்த ஆண்டு, முடிந்தால் எந்த மாதம் என்று கேளுங்கள். மறுக்க வேண்டிய அதிகாரி மறுத்தாரா, அடித்தவனுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

மாணவர்களுக்கு: விடைத்தாள்கள் திங்கட்கிழமை கிடைக்கும். 33.1 என்ற எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தாலும் கண்டும் காணாமல் இருந்துவிடுகிறேன். செமஸ்டரில் மறுபடியும் ‘பெரும்பான்மை’ என்று எழுதினால் அந்தக் கேள்விக்குப் பூஜ்யம்தான்.