இறால் தீவனத்தில் ஈஸ்ட் தோல் எதற்கு?

மியான்மரின் ஐராவதிக் கழிமுகத்தில் இறால் குளம் வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "பீட்டா குளுக்கன் பொடியைத் தீவனத்தில் கலக்கச் சொல்கிறார்கள். அது தடுப்பூசி மாதிரியா? வெண்புள்ளி நோய் வராமல் காக்குமா?"

தடுப்பூசி வேலை செய்ய ஆன்டிபாடி வேண்டும். இறாலுக்கு அது கிடையாது. இரத்த அணுக்களும் சில புரதங்களும்தான் அதற்குக் காவல். அந்தக் காவல் விழித்தெழும் விதம் அபாரமானது.

அணுக்களுக்குள் இருக்கும் நுண்பைகளில் புரோபினால் ஆக்ஸிடேஸ் என்ற நொதி செயலற்றுக் கிடக்கிறது. பூஞ்சையின் செல் சுவரில் பீட்டா குளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலி உண்டு. அது உள்ளே வந்ததும் இரத்தத்திலுள்ள ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொண்டு அணுவின் மேல் போய் ஒட்டுகிறது. உடனே பைகள் திறக்கின்றன. ஒரு நொதி அடுத்ததை வெட்டித் தூண்ட, அது அதற்கடுத்ததை வெட்ட, கடைசியில் நம் நொதியின் ஒரு துண்டு நறுக்கப்பட்டு அது உயிர் பெறுகிறது. செம்பைச் சுமக்கும் இந்த நொதி பினால்களைக் குயினோன்களாக மாற்றுகிறது. குயினோன் கிருமிக்கு நஞ்சு. அதுவே திரண்டு மெலனினாகி, கிருமியைக் கறுப்பு உறைக்குள் அடைத்துவிடும். ஓட்டில் காயம் பட்ட இடம் கறுப்பது இதனால்தான். ஐஸில் கிடக்கும் இறாலின் தலை கறுப்பதும் இதே நொதியின் வேலை.

ஈஸ்ட்டும் ஒரு பூஞ்சைதான். பொடியில் இருப்பது செத்த ஈஸ்ட்டின் செல் சுவர். நோய் தராது, ஆனால் பூஞ்சை வந்துவிட்டது என்று காவலை உசுப்பிவிடும்.

அளவு கிலோ தீவனத்துக்கு 2 கிராம், 10 பர்மிய வீசைக்கு (16.3 கிலோ) சுமார் 33 கிராம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைத்துத் தீவனத்தின் மேல் தெளித்துப் புரட்டுங்கள். ஈரம் இழுத்ததும் 300 மில்லி மீன் எண்ணெய் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே போட்டுவிடுங்கள். பொடியை உலர்வாகத் தூவினால் காசு தண்ணீரோடு போகும்: இறால் கொறித்துக் கொறித்துத்தான் தின்னும், அதற்குள் ஒட்டாத பொடி கரைந்துவிடும். வைட்டமின் சி-க்கும் இதே கதி. பாஸ்பேட் சேர்ந்த வகையாகக் கேட்டு வாங்குங்கள். வைட்டமின் சி குறைந்தாலும் ஓட்டின் அடியில் கறுப்புத் திட்டு வரும் என்பதால், கறுப்பைக் கண்டதும் கிருமி என்று முடிவுகட்ட வேண்டாம்.

தினமும் கொடுப்பது தவறு. ஓயாமல் உசுப்பினால் இரத்த அணுக்கள் தீர்ந்துபோகும். குயினோன் இறாலின் சொந்தத் திசுவையும் சுடும். வெள்ளை இறாலில் செய்த சோதனையில், தினமும் கொடுத்ததைவிட ஏழு நாளைக்கு ஒருமுறை கொடுத்ததே நன்றாக வேலை செய்தது.

இனி வெண்புள்ளி. அது வைரஸ், சாவைக் குறைக்கப் பொடி ஓரளவு உதவலாம், நோயை நிறுத்தாது. குஞ்சு நோயோடு வந்தால் எந்தப் பொடியும் காப்பாற்றாது. ஆகவே முதல் காசு, குஞ்சில் வைரஸின் மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் சோதனைக்கு. அந்த வசதியைக் கழிமுகத்துச் சிறு பண்ணைக்காரர்களின் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பதற்கே அரசின் ஆராய்ச்சிப் பணம் முதலில் போகவேண்டும் என்பேன்.

மியான்மரின் மேற்கே அரக்கான் கரையில் கடலேற்றத்தோடு வரும் குஞ்சை மறித்து வளர்க்கும் பழைய குளங்களில் பெரும்பாலும் தீவனமே போடுவதில்லை. அங்கே இந்தப் பொடிக்கு வேலை இல்லை. தண்ணீரில் தூவினால் போதும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.