கோடும் திரையும்: ‘லைன்ஸ் அண்ட் வெயில்ஸ்’ என்பதற்கு ஒரு சொல் விளக்கம்

‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு மறுப்புகள் இருக்கின்றன. ‘அது இருக்கவே வேண்டாம்’ என்பது ஒன்று. ‘இருந்துவிட்டுப் போகட்டும், என் கண்ணெதிரே வேண்டாம்’ என்பது இன்னொன்று. இவற்றில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் போனதால், ஓர் இரவு என் மேசையில் ஆட்டம் பாதியில் நின்றது.

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் அது. 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இவ்வகைக்கு முன்னோடி. அன்று கதை நடத்தியவன் நான். எடுத்துக்கொண்ட கதை 2016இல் வந்த ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’. அதன் வேர் ட்ரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் 1983இல் எழுதிய ‘ரேவன்லாஃப்ட்’. ஸ்ட்ராட் என்ற ரத்தக்காட்டேரிப் பிரபு ஆளும், மூடுபனி சூழ்ந்த நாட்டில் கதை நடக்கிறது. அங்கே பழைய காற்றாலை ஒன்று உண்டு. அதில் வாழும் சூனியக்கிழவிகள், தின்றவரைக் கனவில் ஆழ்த்தும் பணியாரம் சுட்டு விற்கிறார்கள். அந்த மாவில் என்ன அரைபடுகிறது என்பதுதான் கொடுமை. பணியாரத்துக்கு அடிமையான பெற்றோர் விலையாகக் கொடுப்பது தம் பிள்ளைகளை.

ஆட்டம் தொடங்கும் முன்பே தோழி ஒருவர் சொல்லியிருந்தார்: “குழந்தைங்களுக்கு எதுவும் ஆகுறது வேண்டாம்.” விவரிக்க வேண்டாம் என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. கிழவியின் கூடையையும் கிராமத்தில் காணாமல் போன பிள்ளைகளையும் மட்டும் சொன்னேன். அவர் பகடையைக் கீழே வைத்துவிட்டார். “நீங்க காட்டலைதான். ஆனா அங்க அது நடந்திருக்குல்ல? அதைத்தானே வேண்டாம்னு சொன்னேன்” என்றார். அவர் சொன்னதுதான் சரி. நான் போட்டது திரை. அவர் கேட்டது கோடு.

இந்த வேறுபாட்டுக்கு ஆங்கிலத்தில் ஆடுவோரிடம் 2003 முதல் ஒரு சொல்லிணை இருக்கிறது. ‘லைன்’ (line), ‘வெயில்’ (veil) என்ற இரண்டையும் இந்தப் பொருளில் வழங்கியவர் ரான் எட்வர்ட்ஸ் என்னும் அமெரிக்க ஆட்ட வடிவமைப்பாளர். பேய்களை அழைத்துக் கட்டி வேலை வாங்கும் மனிதர்களைப் பற்றிய ‘சார்சரர்’ என்ற ஆட்டத்தை உருவாக்கியவர். அதற்குத் துணைநூலாக அவர் எழுதிய ‘செக்ஸ் அண்ட் சார்சரி’யில் இவை வந்தன. இருண்டவற்றை ஒதுக்கிவைக்கும் நோக்கம் அந்த நூலுக்கு இல்லை, அவற்றைத் தொட்டு ஆடுவதே அதன் நோக்கம். தொட வேண்டும் என்று நினைத்தவருக்குத்தான் எதுவரை என்ற கேள்வி வந்தது. சொல்லின் பிறப்பிடமான இதை மறந்துவிட்டால் பொருளும் தப்பிப்போகும்.

கோடு என்றால், அந்தப் பொருள் இந்தக் கதையுலகில் இல்லை. திரைக்குப் பின்னாலும் இல்லை, பழங்கதையாகவும் இல்லை. திரை என்றால், அது நடக்கிறது, கதையில் அதற்கு விளைவும் உண்டு, ஆனால் விவரிக்க மாட்டோம். சித்திரவதைக்குத் திரை போட்ட மேசையில் கைதியை உள்ளே இழுத்துப் போவார்கள், கதவு சாத்தப்படும், அடுத்த காட்சியில் விடிந்திருக்கும். அவன் கை நடுங்குவதை நாம் பார்க்கலாம். சித்திரவதைக்குக் கோடு போட்ட மேசையில் அப்படி ஓர் அறையே அந்தக் கோட்டையில் கிடையாது.

இனி, தமிழில் என்னவென்று சொல்வது?

ஒலிபெயர்த்து எழுதுவதில் முதல் சிக்கல் கண்ணுக்கு நேரே தெரிகிறது. ‘வெயில்’ என்று எழுதினால் தமிழர் எவரும் சூரியனைத்தான் நினைப்பார்கள். மறைப்பைக் குறிக்க வந்த சொல் பளிச்சென்ற ஒளியைக் குறித்துவிடும். ‘லைன்’ என்றாலோ வரிசை, தொலைபேசி இணைப்பு, மின்கம்பி என்று பல பொருள் முந்திக்கொண்டு வரும்.

‘லைன்’ பிறந்த கதை சுவையானது. லத்தீனில் ‘லீனும்’ என்பது ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூல் ‘லீனியா’. அந்த நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் நேர்த்தடமே பின்னாளில் ‘லைன்’ ஆயிற்று. நம் கொத்தனார் சுவர் எழுப்புமுன் நூல் பிடிக்கிறாரே, அதே செயல்தான். ‘மரத்தின் கனக்கோட்டம் தீர்க்குநூல்’ என்று நன்னூல் சொல்வதும் தச்சனின் நூலைத்தான். மரத்தின் கோணலை நூல் தீர்ப்பதுபோல மனக் கோணலை ஏட்டு நூல் தீர்க்கும் என்கிறது அந்தச் செய்யுள்.

நம் ‘கோடு’ எதிர்த்திசையிலிருந்து வருகிறது. கோடுதல் என்றால் வளைதல், ஒரு பக்கம் சாய்தல். நன்னூல் சொன்ன ‘கோட்டம்’ இந்த வேரில் வந்தது. தராசுபோல் ஒருபால் ‘கோடாமை’ சான்றோர்க்கு அணி என்று குறள் (118) சொல்வதும் இதையே. வளைந்தவை எல்லாம் கோடு: யானையின் தந்தம், மரத்தின் கிளை, குளத்தின் கரை. கீறிய வரிக்கும் அப்பெயர் வந்தது. ஆகவே ஆங்கிலக் கோடு நேரானதிலிருந்தும் தமிழ்க் கோடு வளைந்ததிலிருந்தும் பிறந்தவை. எனக்கு இதில் குளக்கரைப் பொருள் பிடித்திருக்கிறது. கரை, குளத்தின் போக்குக்கு ஏற்ப வளைந்துதான் போகும். மேசையில் ஒருவர் போடும் கோடும் அவர் வாழ்க்கையின் போக்கில் வளைந்தது. ஏன் இங்கே வளைகிறது என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

‘வரை’ என்ற சொல்லையும் நெடுநாள் யோசித்துப் பார்த்தேன். வரைதல் என்பதற்குக் கோடு கிழித்தல், எல்லை வகுத்தல், விலக்குதல் என எல்லாப் பொருளும் உண்டு. ‘அறன்வரையான் அல்ல செயினும் பிறன்வரையாள் பெண்மை நயவாமை நன்று’ என்ற குறளில் (150) ‘பிறன்வரையாள்’ என்ற இடத்தில் எல்லைப் பொருளே நிற்கிறது. பொருத்தம் என்று பார்த்தால் இதைவிட நல்ல சொல் கிடைக்காது. ஆனால் இன்றைய பேச்சில் ‘வரை’ என்றால் ‘அதுவரை, இதுவரை’தான். “இதுக்கு ஒரு வரை போடுங்க” என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆட்டத்தின் நடுவே, முகம் வெளுத்த நேரத்தில் சட்டென்று வாயில் வர வேண்டிய சொல் இது. “அதுக்குக் கோடு போட்டுருங்க” என்பது தயங்காமல் வரும்.

கோடு என்றதும் இலட்சுமணன் கோடு பலருக்கு நினைவு வரும். வால்மீகியிலும் கம்பனிலும் இல்லாமல், வாய்வழியாகவும் பிற்காலக் கதைகள் வழியாகவும் நம்மிடம் நிலைத்த கோடு அது. அந்த நினைவை இங்கே விலக்கிவைக்க வேண்டும். அது ஒருத்திக்காக இன்னொருவர் கிழித்தது. ‘போட்ட கோட்டைத் தாண்ட மாட்டான்’ என்ற நம் வழக்கிலும் கோடு போட்டவர் வேறு, அடங்கி நடப்பவர் வேறு. ஆட்டமேசைக் கோட்டை, உள்ளே நிற்பவரே தமக்காகப் போடுகிறார். கதை நடத்துபவர் உட்பட எல்லோரும் அதை மதிக்கிறார்கள்.

திரைக்கு வருவோம். ‘வெயில்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன் ‘வேலும்’. கப்பலின் பாய்க்கும் தொங்கும் திரைச்சீலைக்கும் அதுவே பெயர். மணப்பெண்ணின் முகத்தை மறைக்கும் துணி அதன் கிளைப்பொருள்களில் ஒன்று. இதைத் தமிழாக்குவோர் சிலசமயம் ‘முகத்திரை’ என்றோ ‘முக்காடு’ என்றோ எழுதிவிடுகிறார்கள். அங்கே மறைபவர் ஒரு பெண், இங்கே மறைவது ஒரு நிகழ்ச்சி. அதனால் அச்சொற்கள் பொருந்தா.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரை சொல்லப்படுகிறது. எழினி அழகான சொல். ஆயினும் அகராதி பார்க்க வேண்டியிருக்கும். திரையே போதும். தெருக்கூத்தில் முக்கிய வேடம் வரும்போது இரண்டு பேர் துணியை விரித்துப் பிடிப்பார்கள். பின்னாலிருந்து பாட்டு வரும், சலங்கைச் சத்தம் கேட்கும். ஆள் வந்துவிட்டார் என்பது கூட்டத்துக்குத் தெரியும், முகம் மட்டும் தெரியாது. வெயில் என்ற ஆட்டச் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பார்த்ததில்லை. இருப்பது உறுதி, காண்பது இல்லை.

ஒரே ஒரு தடை, சினிமா. திரை இன்று காட்டும் பரப்பாகவும் ஆகிவிட்டது. ‘திரைக்கு வந்தது’ என்றால் எல்லோரும் பார்க்கலாம் என்று பொருள். வினைச்சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் தீரும். திரையில் காட்டுவது வேறு, திரை போடுவது வேறு. அந்தச் சினிமாவே திரை போட்டும் இருக்கிறது. இரண்டு பூக்கள் உரசிக்கொண்டதும் அதற்குமேல் சொல்லத் தேவையில்லை என்று நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது.

இலக்கணத்தில் இதற்கு நெருங்கிய உறவு உண்டு: இடக்கரடக்கல். அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது. ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’ என்கிறது தொல்காப்பியம். இதையே வெயிலுக்கு நேர்ச்சொல்லாகக் கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். கொள்ளக்கூடாது என்பேன். இடக்கரடக்கல் சொல்லை மாற்றுகிறது, திரை காட்சியையே நகர்த்திவிடுகிறது. மேலும், அவைக்கு ஆகாதது எது என்பது ஊரறிந்த பொது வழக்கு. திரையோ, இந்த நாலைந்து பேர் இந்தக் கதைக்காகச் செய்துகொள்ளும் ஏற்பாடு. வேறொரு மேசையில் அதே காட்சி திரையில்லாமல் நடக்கலாம். நன்னூல் தகுதி வழக்கில் சேர்க்கும் இன்னொன்று குழூஉக்குறி, ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல். கோடும் திரையும் அந்த வகையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் கடுமையாக மறுக்கும் மொழிபெயர்ப்பு ஒன்று உண்டு: ‘தணிக்கை’. தணிக்கை வெளியிலிருந்து வருவது, யார் ஆடுகிறார்கள் என்று அறியாமலே வெட்டுவது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் வரலாற்றிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. 1980களில் அமெரிக்காவில், இது பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்ற பீதி பரவியது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் பேய், பிசாசுகளுக்கான ஆங்கிலப் பெயர்களை வெளியீட்டு நிறுவனம் நீக்கிவிட்டது. பின்னர் அவை ‘டனாரி’, ‘பாட்டேசு’ என்ற புதுப்பெயர்களோடு திரும்பி வந்தன. அந்த நீக்கத்தால் எந்த மேசையிலும் எவருடைய காயமும் ஆறியிருக்காது. பேயின் பெயர் யாரையும் நோகடிக்கவில்லை. நோகடிப்பது என்ன என்பதை அங்கே உட்கார்ந்திருப்பவர்தான் சொல்ல முடியும்.

அச்சத்தையே நீக்கிவிட்டால் மாயக்கதை எதற்கு? தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டில் அச்சத்தையும் வைத்தார். அது பிறக்கும் இடம் நான்கு என்றார்: ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறை’. அணங்கு என்றால் வருத்தும் தெய்வமும் பேயும், இறை என்றால் அரசன். மாயக்கதை ஆட்டத்தின் பகைவர் பட்டியல் அப்படியே இதற்குள் அடங்கிவிடுகிறது. ஸ்ட்ராட் அணங்கும் ஆவான், இறையும் ஆவான். அவனைக் கண்டு நடுங்கத்தான் மேசைக்கு வருகிறோம். கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு, கதை நடத்துபவர் அதன் இப்பக்கத்தில் தயங்காமல் பயமுறுத்தலாம்.

மாயக்கதைக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். இருண்டவை அங்கே இயல்பான பெயரில் வருவதில்லை. ஒருவரின் மனத்தை வசியப்படுத்தி, அவர் விரும்பாததைச் செய்ய வைப்பது விதிநூலில் வெறும் மந்திரம். அதற்கு ஒரு நிலை உண்டு, இத்தனை நிமிடம் என்று கணக்கும் உண்டு. விருப்பமின்றி உடலையும் மனத்தையும் இழந்த ஒருவருக்கு அது மந்திரமாகத் தெரியாது. “பாலியல் வன்முறைக்குக் கோடு” என்று மட்டும் எழுதிவைத்துவிட்டு, காட்டேரி வசியத்தைக் கேள்வியின்றி உள்ளே விடும் மேசைகள் உண்டு. கோடு போடும்போது பொருளின் பெயரோடு நின்றுவிடாமல், அது எந்த வேடத்தில் வரும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உடன் வழங்கும் சொற்கள் இரண்டு. கதை தொடங்கும் முன் எல்லோரும் கூடி இவற்றைப் பேசிக்கொள்வது ‘செஷன் ஜீரோ’. சுழிய அமர்வு என்று எழுதுவதைவிட முன்கூடல் என்பது இயல்பு. 2020இல் வந்த ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ என்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நூலிலேயே இதற்குத் தனிப்பகுதி இருக்கிறது. அடுத்தது ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் பரப்பிய எக்ஸ் கார்டு. எக்ஸ் எழுத்து போட்ட அட்டை ஒன்று மேசை நடுவில் கிடக்கும். யாராவது அதைத் தொட்டால், காரணம் கேட்காமல் அந்தப் பகுதியை மாற்றிவிட வேண்டும். முன்கூடலில் எல்லாம் நினைவுக்கு வராது, தமக்கு எது நோகும் என்பதே சிலருக்கு அந்தக் கணத்தில்தான் தெரியும். அப்போது கை போவது அட்டைக்கு. இதற்குத் தமிழ்ப்பெயர் தேடித் திரிய வேண்டியதில்லை, எக்ஸ் கார்டு என்றே இருக்கட்டும். பெருக்கல்குறி எல்லா மொழிக்கும் புரியும்.

அன்றைய இரவுக்குப் பிறகு இரண்டு வாரம் கழித்துத் திரும்பக் கூடினோம். இந்த முறை பட்டியலை இரண்டு பத்தியாகப் பிரித்து, மேலே கோடு, திரை என்று எழுதினேன். தோழி குழந்தைகளைக் கோட்டின் கீழே எழுதினார். சித்திரவதையை இன்னொருவர் திரையின் கீழே எழுதினார். காற்றாலையை நான் திருத்திக் கட்டினேன். கிழவிகள் இப்போது வாங்குவது நினைவுகளை. பணியாரம் தின்றவர் விலையாகத் தம் வாழ்நாளின் ஒரு நல்ல நாளைக் கொடுக்க வேண்டும். கிராமத்தில் தன் கல்யாண நாளையே மறந்துபோன ஒரு முதியவர், மனைவியைப் பார்த்து “நீங்க யாரு தாயி?” என்று கேட்டார். மேசையில் யாரும் பேசவில்லை. பகடையை முதலில் எடுத்தவர் அந்தத் தோழி.